புகையாத தொட்டி

தனக்கு நுரையீரல் என்று ஒன்று இருப்பதே நல்லகண்ணுவுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரியவந்தது. அதுவும் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டியபோது. அதுவரை இருமலை அவர் நோயாகவே எண்ணியதில்லை. சிலர் வெற்றிலை போடுவதைப்போல, தனக்கு இது ஒரு பழக்கம் என்று வைத்திருந்தார்.

"ஆசிட் புகையை விட்டுருங்க. விட்டா மிச்சம் இருக்கது நிக்கும். விடலைன்னா அதுவும் போயிரும்" என்றார் டாக்டர்.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது நல்லகண்ணு மனைவியிடம் சொன்னார்: "சொல்லிட்டுப் போறான். அவனா வந்து ரீடு பாலிஷ் போடப் போறான்?"

படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தவற்றை மாரித்தாயின் மனசு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அந்தத் தறிகளில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றும் ஒரு கம்பிச் சீப்புக்குள் நுழைந்துதான் சேலையாகிறது. அந்தச் சீப்புக்கு ரீடு என்று பெயர். நாளாக நாளாக அதன் கம்பிகளில் நூலின் கஞ்சி கட்டும், ஓரத்தில் பிசிறு கிளம்பும், நூலை அறுக்கும். அப்போது அதைக் கழற்றி நல்லகண்ணுவிடம் கொண்டுவருவார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் ஒரு நீளத் தொட்டி, அதில் சூடான ஆசிட், ரீடைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் பிசிறு கரைந்து கம்பி வழுவழுப்பாகிவிடும். கூடவே புகையும் எழும்பும். புகையின் காரம் மூக்கில் ஏறும் விதத்தை வைத்தே ரீடை எப்போது எடுக்க வேண்டும் என்று நல்லகண்ணு சொல்லிவிடுவார். கடிகாரம், மீட்டர் எதையும் பார்க்கமாட்டார். அந்தத் திறமைதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருங்கள் என்று சொல்லவும் மாரித்தாய்க்குத் தைரியம் வரவில்லை. ஒருமுறை கால் முறிந்து கிடந்தபோது அவர் படுத்தபடியே மிக்சியைப் பிரித்து மாட்டினார். அதற்குப் பிறகு அது தேங்காயே அரைக்காமல் போனது. அடுத்து ஃபிரிட்ஜைப் பார்க்க ஆரம்பித்தார். நல்லவேளையாகக் கால் கூடிவிட்டது. சும்மா இருக்கும் நல்லகண்ணுவை யாராலும் வைத்துக் காப்பாற்ற முடியாது.

அதனால் அவள் இசக்கிசெல்விக்குப் போன் போட்டாள். செல்வி அவளுடைய தம்பி மனைவி. மேலநீலிதநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருநெல்வேலியில் ஒரு கல்லூரிக்கு வேதியியல் நடத்தப் போகிறவள். ஆசிட் இல்லாமல் எஃகுக்குப் பாலிஷ் போடுகிற ஒரு திரவத்தைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியிருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பற்றி நல்லகண்ணுவிடம் ஆசையாகச் சொல்லப் போனபோது, "நல்லா இருக்கு தங்கச்சி, சாப்பிடு" என்று அவர் அவளுடைய இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இந்தத் தடவை செல்வி போனில் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். கோலின் குளோரைடு என்று ஒரு உப்பு வேண்டும், கோழித் தீவனத்தில்கூடக் கலப்பார்கள் என்றாள். மாரித்தாய் அதற்குமேல் கேட்கவில்லை. போனை வைத்த கையோடு தீவனக் கடைக்குப் போய் ஒரு மூட்டை வாங்கி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த செல்வி மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"மைனி, இதுல பாதி மக்காச்சோளச் சக்கை. உப்ப அந்தத் தூள்ல ஏத்தித்தான் விப்பாங்க. கோழிக்கு ஆகும், ரீடுக்கு ஆகாது."

நல்லகண்ணு சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தும் சிரித்தார். "ஏட்டி மாரி, என் ரீடு ரெண்டு மாசத்துல முட்ட போட்ருமா?" மூட்டை அடுத்த வீட்டு ஆயிஷம்மாளின் கோழிகளுக்குப் போனது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வியே சுத்தமான உப்பு டிரம் ஒன்றைப் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். இன்னொரு கேனில் நிறமில்லாத எண்ணெய் மாதிரி ஒன்று. "வண்டி ரேடியேட்டருக்கு ஊத்துவாங்கல்லா, அதுல சாயமும் தண்ணியும் சேக்காத சரக்கு" என்றாள். பழைய தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, இரண்டையும் அளந்து போட்டு, வெதுவெதுப்பாகச் சூடுகாட்டிக் கிண்டினாள். வெள்ளை உப்பு சன்னமாக இளகி, மங்கி, பிறகு கண்ணாடிபோலத் தெளிந்தது. தேனைவிடக் கொஞ்சம் நீர்த்த பதம்.

"தண்ணி எங்க?" என்று கேட்டார் நல்லகண்ணு.

"தண்ணியே கிடையாது அண்ணாச்சி. இது உப்பு. கரைச்ச உப்பு இல்ல, தானே திரவமா நிக்கிற உப்பு. தனியா உருக்கணும்னா அடுப்பு தாங்காது. இது ரெண்டையும் சேத்துவச்சா ஒண்ண ஒண்ணு கெட்டியா இருக்க விடாது. இளகிரும்."

"புருசன் பொண்டாட்டின்னு சொல்லு."

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க. அயனி திரவம்னு ஒரு குடும்பம் இருக்கு. இது அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. சூடு பண்ணினாலும் ஆவியா எழும்பாது, அதனால புகை கிடையாது. ஆசிட்ல நீங்க விடுத கரண்டுல எம்புட்டோ குமிழாப் பொங்கிப் போவுது. இதுல வேலைய மட்டும் பாக்கும். கொட்டிக் கொட்டி மாத்தவும் வேண்டாம், ரொம்ப நாளைக்கு ஓடும்."

"அப்ப தீர்த்தம்னு சொல்லுத."

"தீர்த்தம்லாம் இல்ல. வாயில வச்சா இனிக்கும், ஆனா விஷம். ரீடுல இருந்து கரையுத நிக்கலும் குரோமும் இதுக்குள்ளதான் கெடக்கும். அடியில தங்குத சகதியச் சாக்கடையில விடப்பிடாது. மூடி போட்ட டிரம்ல சேத்து வச்சு, கழிவு எடுக்கவாறவங்ககிட்ட குடுக்கணும். ஆசிட்டவிட நல்லதுன்னு சொல்லுதேன், அம்புட்டுத்தான்."

அந்த ஒளிவுமறைவில்லாத பேச்சு நல்லகண்ணுவுக்குப் பிடித்திருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் ஒரு நிபந்தனை போட்டார்.

"பாண்டிராஜ் ரீடு பத்து வந்து கெடக்கு. முத ரீட உங்க கோழித் தண்ணியில போடுவோம். நூல் அறுக்காமப் போச்சுன்னா, நான் ஆசிட்டத் தொட மாட்டேன். அறுத்துச்சு, பொறவு எனக்கு எவளும் புத்தி சொல்லப்பிடாது."

"எவளும்னா?" என்றாள் மாரித்தாய்.

"நீயும் அவளும்தான். வேற எவ இருக்கா எனக்கு?"

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ரீடைத் தொங்கவிட்டார்கள். மின்சாரம் பாய்ந்தது. தொட்டி ஒரு சத்தமும் போடவில்லை. புகை இல்லை, குமிழ் இல்லை, மூக்கில் ஏறுகிற காரம் இல்லை. நல்லகண்ணு குனிந்து குனிந்து பார்த்தார். முப்பது வருடமாக மூக்கால் வேலை செய்தவருக்கு இப்போது மூக்கு எதற்கும் உதவவில்லை.

"உசுரு இருக்கா இதுக்கு?"

"மீட்டர் முள்ளப் பாருங்க. செல்வி அப்படித்தான் சொன்னா" என்றாள் மாரித்தாய்.

அவர் மீட்டரை, யாரோ புதிதாகக் குடிவந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ரீடை எடுத்து அலசியபோது பார்வைக்குக் குறையில்லை. பாண்டிராஜ் வந்து வாங்கிக்கொண்டு போனான். திருவேங்கடம் சாலையில் பத்துத் தறி வைத்திருக்கிறவன், வாயும் பத்துத் தறி அளவுக்கு ஓடும். பாவு கோப்பதற்கு முன்னால் ரீடுக்குள் ஒரு கொத்து நூலை விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பது அவன் வழக்கம். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டான். கையில் ரீடு, இன்னொரு கையில் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்த நூல்.

"அண்ணாச்சி, நான் ரீடு கேட்டேன். நீங்க ராவுத அரத்தக் குடுத்திருக்கீங்க."

நல்லகண்ணு கம்பிகளின்மேல் நகத்தை ஓட்டினார். அங்கங்கே மணல் பரு போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவர் கேலி செய்வார் என்று மாரித்தாய் எதிர்பார்த்தாள். செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு வாலே பாண்டி. போட்டுத் தாரேன்" என்று அவனை அனுப்பிவிட்டு, மூலையிலிருந்த ஆசிட் கேனை எடுக்கப் போனார்.

மாரித்தாய் முந்திக்கொண்டு போய்க் கேனின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிட்டி."

"மாட்டேன்."

"கோட்டி புடிச்சுருக்கா? ஆசிட்டுட்டி அது."

"எனக்குத் தெரியாதாக்கும். முப்பது வருசமா இது வாடையோடதான படுத்துக் கெடக்கேன்."

"பேசின பேச்சு என்ன? நூல் அறுத்துருச்சுல்லா?"

"நாளைக்கு வரைக்கும் பொறுங்க. நாளைக்கும் அறுத்துச்சுன்னா நானே இந்தக் கேன ஊத்தித் தாரேன். பொறவு நீங்க இருமி இருமிச் சாவுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் "வாய்க்கொழுப்பு" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார்.

அவர் போன பிறகும் மாரித்தாய் சிறிது நேரம் எழுந்திருக்கவில்லை. சாவு என்ற சொல்லை அவள் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

பிறகு போன் விளக்கைப் போட்டுத் தொட்டிக்குள் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது கண்ணாடிபோல இருந்த திரவத்தில் இப்போது பொடி பொடியாக ஏதோ மிதந்தது. தண்ணீராக இருந்தால் அடியில் படிந்திருக்கும். இந்தக் கொழகொழப்பில் போகவும் மாட்டாமல் வரவும் மாட்டாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் கம்பியில் ஒட்டிப் பருவாகியிருக்க வேண்டும். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, பழைய வேட்டியை நாலாக மடித்து, ஒரு செம்பு மொண்டு வடிகட்டினாள். துணியில் மண் தங்கியது.

அவள் அதை விரலில் தேய்த்துப் பார்த்தாள். தெருமண்ணில் இப்படி நைஸ் இருக்காது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அந்த மண்ணைத் தெரியாது என்று சொல்ல முடியாது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் நெற்றியில் பூசிக்கொள்ளும் கோயில் புற்று மண்.

"ஏங்க, இங்கன வாங்க."

நல்லகண்ணு வந்தார். துணியைப் பார்த்தார். உடனே சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் என்னவோ கிழமை பார்க்க ஆரம்பித்தார்.

"இத யாரு தொட்டியில போட்டா?"

"எத?"

"காலண்டர விடுங்க. என்னப் பாருங்க."

அவர் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனின் முகம் அந்த நரைத்த மீசைக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தது.

"காலையில கோயிலுக்குப் போனேன்."

"பால் வாங்கப் போறேன்னுல்லா சொன்னீங்க?"

"பாலும்தான் வாங்கினேன். போற வழியில உள்ள போய்ட்டு வந்தேன். நீ நாலு நாளா உறங்கலட்டி. புரண்டு புரண்டு படுக்க. இது ஒண்ணு ஜெயிச்சுட்டா நீ உறங்குவன்னு..." அவர் நிறுத்தினார். "ஒரு சிட்டிகைதான் போட்டேன்."

"ஒரு சிட்டிகையா?"

"ரெண்டு பிடி."

மாரித்தாய்க்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் அவரை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. கோழித் தண்ணி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன், அது ஜெயிக்க வேண்டுமென்று அம்மனிடம் போய் நின்றிருக்கிறார். அதையும் அவளுக்குத் தெரியாமல்.

"உங்களக் கட்டிக்கிட்டு..." என்று தொடங்கியவள், முடிக்காமல் செல்விக்குப் போன் போட்டாள்.

ஸ்பீக்கரில் செல்வி வெகுநேரம் சிரித்தாள். "அண்ணாச்சி, என் ஆராய்ச்சிக்குக் கடைசியா கேள்வி கேப்பாங்கல்லா, அன்னைக்கு நானும் புற்று மண்ணு கொண்டு போனேன். பர்ஸ்ல வச்சுருந்தேன். டெஸ்ட் டியூப்ல போடல."

"சரி சரி, இப்ப என்ன செய்யணும்?"

"சூடா இருக்கும்போதே நெருக்கமான துணியில வடிகட்டுங்க. தொறந்து கெடந்ததுல காத்து ஈரத்தையும் குடிச்சிருக்கும், மழைக்காலத்து உப்பு மாதிரி. ரொம்ப நேரம் வெதுவெதுன்னு வச்சு, பொறவு மூடி வைங்க. ஈரக்கையோட எதையும் உள்ள போடாதீங்க. வடிகட்டின மண்ண டிரம்ல போட்ருங்க."

நல்லகண்ணுவுக்குச் சுருக்கென்றது. "எந்த டிரம்ல?"

"சகதி டிரம்ல."

"அம்மன் பிரசாதத்த விஷ டிரம்லயா? நல்லா இருக்குட்டி நீ படிச்ச படிப்பு!"

"அதுல இப்ப நிக்கல் ஏறிருச்சு அண்ணாச்சி. செடிக்கும் போடப்பிடாது, ஆத்துலயும் விடப்பிடாது."

"நெத்தியில பூசுத மண்ணு அது."

"பூசிராதீங்க! மைனி, போன வாங்குங்க, அவரு பூசிருவாரு!"

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். விட்டால் விடியும்வரை கத்துவார்கள் என்று தெரிந்து மாரித்தாய் அடுக்களைக்குப் போய் மூடி நன்றாக இறுகுகிற ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள்.

"மண்ணு இந்தப் பாட்டிலுக்குள்ள. பாட்டில் டிரம்முக்குள்ள. சகதி அம்மன் மேல படாது, நிக்கலும் வெளிய போவாது. பேச்சு முடிஞ்சுது."

போனிலும் நேரிலும் ஒரே நேரத்தில் கத்தல் நின்றது. "இது சரியா வரும்" என்றாள் செல்வி. நல்லகண்ணு பாட்டிலின் மூடியைத் தன் கையாலேயே இறுக்கினார். டிரம்மின் மேல்மூடியில் மூன்று விரலால் திருநீறும் இட்டார். அதை யாரும் தடுக்கவில்லை.

வடிகட்டுவது லேசான வேலையாக இல்லை. கொழகொழவென்று துணியில் நின்று நின்று சொட்டியது. மாலை முழுவதும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து துணியை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். ஒருமுறை அவர், "கை வலிக்கா?" என்று கேட்டார். "உங்களுக்கு?" என்று கேட்டாள். இரண்டு பேருமே இல்லை என்று பொய் சொன்னார்கள்.

மறுநாள் அதே ரீடை நன்றாகத் துடைத்துக் காயவைத்து மறுபடி தொங்கவிட்டார் நல்லகண்ணு. இந்த முறை மீட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். முள் இறங்கி ஓரிடத்தில் நிலைப்பதைக் கவனித்தார். தூக்கிப் பார்த்தார், நகத்தை ஓட்டினார், திரும்ப இறக்கினார். ஆசிட்டில் ஆவதைவிட அதிக நேரம் பிடித்தது. முனகினாரே தவிர எழுந்து போகவில்லை. எடுத்து அலசி வெயிலில் காட்டியபோது கம்பிகள் வழுவழுவென்று இருந்தன. ஆனால் ஆசிட்டில் வரும் கண்ணைப் பறிக்கும் மினுக்கம் இல்லை. பால் ஊற்றிக் கழுவினதுபோல ஒரு மங்கல் வெள்ளை. நல்லகண்ணுவின் முகம் சுருங்கியதை மாரித்தாய் கவனித்தாள். அவருடைய பெயரே அந்த மினுக்கத்தில்தான் இருந்தது.

சொன்னபடி வந்த பாண்டிராஜ் நூலை விட்டு இழுத்தான். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். நூலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். பஞ்சு எழும்பவில்லை. ஆனாலும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பாவு கோத்துத் தறியில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லுவேன் என்றான். கோத்து முடிக்க இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் மாரித்தாய் சமைத்ததில் ஒன்றில் உப்பு இல்லை, இன்னொன்றில் இரண்டு தடவை. நல்லகண்ணு இரண்டையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

தறிக்கூடத்தில் சத்தம் காதைப் பிளந்தது. அந்த ரீடு மாட்டிய தறியைப் பாண்டிராஜ் ஓட்டிவிட்டான். ரீடு முன்னால் வந்து அடித்துப் பின்னால் போனது, வந்து அடித்துப் போனது. ஊதா நிறத்தில் சேலை ஒரு விரற்கடை, ஒரு சாண், ஒரு முழம் என்று வளர்ந்தது. மாரித்தாய் துணியைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஒன்று தளர்ந்து தொங்குகிறதா என்று. எதுவும் தொங்கவில்லை.

பாண்டிராஜ் தறியை நிறுத்தித் தலையைச் சொறிந்தான்.

"நூல் அறுக்காமப் போவுது அண்ணாச்சி. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க மினுக்கம் இல்லியே. இது என்னவோ மொகம் கழுவாத பிள்ள மாதிரி இருக்கு. மத்த ஒம்பதையும் பழையபடி ஆசிட்லயே போட்டுக் குடுத்துருங்க. வேகமாவும் முடிஞ்சுரும்."

நிபந்தனை நூலைப் பற்றியதுதான், மினுக்கத்தைப் பற்றியதல்ல. ஆனால் தன் மனுஷனுடைய ரோசம் எங்கே இருக்கிறதென்று மாரித்தாய்க்குத் தெரியும். பாண்டிராஜ் சரியாக அதே இடத்தில் கை வைத்துவிட்டான்.

நல்லகண்ணு கம்பியின்மேல் பெருவிரலை மெதுவாக ஓட்டினார்.

"ஏலே பாண்டி, சேலை கட்டுதவ ரீடப் பாத்தா வாங்குதா?"

"இல்ல."

"நூல் அறுத்துச்சா?"

"அறுக்கல."

"மினுக்கம் வேணும்னா வீட்டுக்குப் போயிக் கண்ணாடியப் பாரு. ஒம்பதும் இதுலதான் வரும். அவசரம்னா வேற ஆளப் பாத்துக்கோ."

"ஏன் அண்ணாச்சி கோவப்படுதீங்க?"

"கோவம்லாம் இல்ல. எனக்குக் கொஞ்ச நாள் உசுரோட இருக்க வேண்டிய சோலி இருக்கு."

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும், டீ வருவதற்கு முன்பே செல்விக்குப் போன் போட்டார். மாரித்தாய் கையை நீட்டினாள், ஜெயித்த செய்தியைத் தான் சொல்லலாமென்று. அவர் போனைத் தரவில்லை.

"தங்கச்சி, நூலு அறுக்கல. அத விடு. அந்த மினுக்கம் எதுக்குக் கொறையுது, அதச் சொல்லு மொதல்ல... சூடு பத்தலையா? அது எப்படி, முள்ளு நிக்குத எடத்துலதான எடுத்தேன்?... இல்ல, நீ சொல்லுதது தப்பு. நீ பேப்பர்ல பாத்திருப்ப, நான் ரீடுல பாத்தேன்... சரி, நான் தப்புன்னா ஞாயித்துக்கெழம வா, போட்டுக் காட்டு."

அவர் எழுந்து நின்று, காற்றில் கையால் முள்ளை வரைந்து காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையிலிருந்தும் குறையாத சத்தம் வந்தது. கண்ணாடி டம்ளரில் அவருடைய டீ ஆறிக்கொண்டிருந்தது. மாரித்தாய் தன்னுடையதைக் குடித்து முடித்தாள். பேச்சு இப்போதைக்கு ஓயாது என்று தெரிந்ததும், அவருடையதையும் எடுத்துக் குடித்தாள்.